மூன்றாம் நம்பர் மேஜை

பித்தளைத் தகட்டைப் படித்ததுமே எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பிழை. சிற்பி: தருலதா தேசாய். இச்சிற்பத்தின் ஊக்கம்: அமரர் சாந்தாபென்." சாந்தாபென் வேறு யாருமில்லை (எங்கள் சூரத்தில் மரியாதைக்கு எந்தப் பெண்ணும் 'பென்'தான்), ரிங் ரோட்டில் இந்தப் புது ஜவுளி மார்க்கெட்டைக் கட்டியிருக்கும் பாவின்பாயின் அம்மா. அந்த அம்மாளை நான் வாழ்க்கையில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தார். இன்னொரு முறை என் செருப்பைப் படியிலிருந்து தள்ளிப் போடச் சொன்னார். எனக்கு ஊக்கம் பிறந்தது இதில் எந்த முறை என்று தெரியவில்லை.

தகட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் ஆபீஸுக்குப் போனேன். பாவின்பாய் டீயில் காரி என்ற உப்பு பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"நல்லாருக்கில்ல? ஜெய்ப்பூர்ல சொல்லிப் பண்ண வெச்சேன்."

"உங்க அம்மாவுக்கும் என் சிற்பத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"என்ன பென், இப்படிக் கேட்டுட்டீங்க. அம்மா இல்லாட்டி நான் ஏது? நான் இல்லாட்டி மார்க்கெட் ஏது? மார்க்கெட் இல்லாட்டி உங்க சிற்பத்தை எங்க கொண்டுபோய் நிறுத்துவீங்க, தாப்தி ஆத்துக்குள்ளயா?"

மார்க்கெட் வாசலில் நிற்கும் அந்தச் சிற்பத்துக்குப் பதினோரு மாதம் உழைத்திருக்கிறேன். இருபத்திரண்டு அடி உயரம். ஒரு சேலை துணிச் சுருளிலிருந்து பிரிந்து, தானே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே இரும்புக் கம்பி, அதன் மேல் கம்பி வலை, சிமெண்ட், அதற்கும் மேல் மோர்பியிலிருந்து வந்த டைல்ஸ் துண்டுகள். நானும் ஏழு பெண்களும் இடுக்கியால் நறுக்கி நறுக்கி ஒட்டியது. சேலை முழுக்கப் பூவும் இலையும். பூவுக்குக் கறுப்புக் கோடு ஒரு இடத்தில் இருக்கும், வண்ணம் அதற்கு ஒரு விரல் தள்ளி நிற்கும். அதுதான் என் பாணி. ஒன்பது வருடமாக எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு விரல் இடைவெளிதான்.

அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் இவருடைய அப்பாவின் மில்லுக்குப் போக வேண்டும். ரசிக்லால் சேட்டின் மில்லில் பதினாறு வருடம் நான் டிசைனர். என்ன டிசைன்? மயில். மாங்காய். மாங்காய்க்குக் கீழே மயில். மயிலின் வயிற்றுக்குள் மாங்காய். காலையில் நம் டிசைன் கடைக்குப் போனால் சாயங்காலம் எதிர்க்கடையில் அதுவே மட்டமான துணியில் தொங்கும். அதைவிடக் கொடுமை, மறுவாரம் சேட் அந்த எதிர்க்கடைச் சேலையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, "இந்த மாதிரி ஏன் உனக்குத் தோண மாட்டேங்குது?" என்று கேட்பார். பென்சிலைத் தூக்கி அவர் மேலேயே எறியலாம் போலிருக்கும். எறிந்ததில்லை.

அந்தப் பதினாறு வருடத்தில் என் கண்ணுக்குத் தீனி போட்டது ஒரே இடம்தான், கழிவுத் துணிக் குவியல். அப்போதெல்லாம் அச்சடிப்பது நீள மேஜையில். துணியை மேஜை மேல் பசை போட்டு ஒட்டுவார்கள். ஸ்கிரீன் சட்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மேஜை ஓரத்தில் உள்ள இரும்பு முளையில் முட்டி வைத்து, சாயத்தை இழுப்பார்கள். ஒரு வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன். முளையில் சரியாக முட்டினால் கோட்டுக்குள் வண்ணம் உட்காரும். முட்டாவிட்டால் தள்ளிப் போகும், சேலை கழிவுக்குப் போகும். மூன்றாம் நம்பர் மேஜையிலிருந்து வரும் கழிவு மட்டும் வேறு தினுசாக இருந்தது. பூ இப்போதுதான் அசைந்து நின்றது போல இருக்கும். ஒரு துண்டைக் கைதுடைக்க என்று சொல்லி எடுத்துவந்து சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு மில்லுக்கு டிஜிட்டல் மெஷின் வந்தது. மேஜைகளை அறுத்து விறகுக்குப் போட்ட அதே மாதம் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆத்திரத்தில் வீட்டில் இருந்த விரிசல் விட்ட கோப்பைகளை எல்லாம் உடைத்து, குளியலறைச் சுவரில் அந்தத் துணியிலிருந்த பூவை ஒட்டினேன். அங்கே ஆரம்பித்தது. பள்ளிக்கூடச் சுவர், பூங்கா, வதோதராவில் கண்காட்சி, விருது. பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மேடம், உங்க ஊக்கம் எது? நானும் ஒன்றையே சொல்வேன். "பேர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை வழுக்கல். தவறுக்குள்ள ஒரு அழகு இருக்கு." தலைப்பிலேயே போடுவார்கள். எனக்கும் அந்த வாக்கியம் பிடித்துத்தான் இருந்தது.

பேர் தெரியாத என்பது பொய். பாதிப் பேர் தெரியும்.

"உங்க அம்மா இல்ல," என்றேன் பாவின்பாயிடம். "உங்க அப்பா மில்லுல மூணாம் நம்பர் மேஜையில நின்ன ஆள். நாம்தேவ்."

"நாம்தேவ் என்ன?"

அதற்கு மேல் பேர் எனக்குத் தெரியாது.

"லிம்பாயத்துல ஒரு கல்லை விட்டெறிஞ்சா நாலு நாம்தேவ் மேல படும் பென்," என்றார் சிரித்துக்கொண்டே. "சரி, கோச்சுக்காதீங்க. ஆளைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அம்மா பேருக்குக் கீழ அவர் பேரையும் போட்டுடலாம். மேடையில ஒரு சால்வை. தொழிலாளிக்கு மரியாதைன்னு போட்டோவும் நல்லா வரும்."

வந்த கோபம் பாதியில் நின்றுபோய், ஜெயித்துவிட்ட மாதிரி வெளியே வந்தேன். மில்லில் பழைய டேபிள் மாஸ்டராக இருந்தவரிடம் விலாசம் கேட்டேன். நாம்தேவ் சோனவணே என்று முழுப் பேரோடு எழுதிக் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களேவா போறீங்க?" என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஆட்டோ ஏறினேன்.

மில் தொழிலாளிகள் குடியிருக்கும் லிம்பாயத்தில் அந்த வீட்டு வாசலிலேயே ஒரு சேலை விரிந்து கிடந்தது. நாம்தேவின் மனைவி வத்சலாபாய் அதன் மேல் குனிந்து, பசையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணாடிக் கற்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை காய்ந்து அவள் விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது. நான் பேரைச் சொன்னதும் கை நின்றது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, உங்க மில்லு மேடம் வந்திருக்காங்க. கையெழுத்துப் போட்ட மேடம்."

நாம்தேவ் வெளியே வந்தார். வாட்ச்மேன் கால்சட்டை, மேலே பனியன். உத்னா பக்கம் ஒரு அடுக்குமாடிக்குக் காவலாம், மத்தியான ஷிஃப்ட். தலை நரைத்திருந்தது. "உக்காருங்க பென்," என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சிற்பத்தைப் பற்றிச் சொன்னேன். மேடை, தகடு, சால்வை எல்லாம் சொன்னேன்.

"சால்வையா?" என்றாள் வத்சலாபாய். "இந்த வெயிலுக்கா? வாசல்ல போட்டா கால் துடைக்கலாம்."

"நீ சும்மா இரு," என்றார் அவர். பிறகு என்னிடம், "உங்களை எனக்குத் தெரியாம இல்ல பென். எம்பொண்ணு போன்ல காட்டும். நீங்க பேசினது எல்லாமே கேட்டிருக்கேன். ஒரு தொழிலாளியோட கை வழுக்கல், தப்புல அழகு, அப்படீன்னு."

"உங்களைப் பெருமையாத்தான்..."

"இருங்க. கை வழுக்கலை."

அதைச் சத்தம் போடாமல்தான் சொன்னார். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"மழைக்காலத்துல கூரை ஒழுகி அந்த மேஜைப் பலகை உப்பிப்போச்சு. ஒன்பதாவது கஜத்துல கோணல். கறுப்புக் கோடு போட்டு ராத்திரி விட்டுட்டுப் போனா காலையில பலகை வேற எங்கயோ நிக்கும். அப்புறம் முளையில முட்டிக் கலரைப் போட்டா பூவுல பாதி மொட்டையாயிடும். மாஸ்டர்கிட்டச் சொன்னேன், சேட்கிட்டச் சொன்னேன். யாரும் கேக்கல. அதனால நானே கண்ணால பாத்து நகர்த்திப் போட்டேன். எதிர்ப்பக்கம் பிடிக்கிறவன் என் கண்ணைப் பாத்துப் பிடிப்பான். எப்படி நகர்த்தினா பூ பூவா நிக்குமோ அப்படி நகர்த்தினேன். யோசிச்சுச் செஞ்சது பென் அது. அன்னைக்கு அதைத் தப்புன்னீங்க, எனக்கு வேலை போச்சு. இன்னைக்கும் தப்புன்னுதான் சொல்றீங்க, உங்களுக்கு மாலை விழுது."

"அந்தத் துணி இருக்கே," என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"அந்தக் காகிதம் இருக்கே," என்றாள் வத்சலாபாய், "அதுக்கப்புறம் எந்த மில்லுலயும் இவரை உள்ள விடல. கை சரியில்லாத ஆளுன்னு பேராயிடுச்சு. எங்க மாமனார் கண்ணை மூடற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு, டேய் அப்படி என்னடா பண்ணினே உன் கையாலேன்னு."

காகிதத்தைப் பற்றி நான் மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். மறக்கவில்லை. பதினாலு வருடத்துக்கு முந்தைய ஆடி மழையில் கல்கத்தா வியாபாரி நானூறு சேலையைத் திருப்பி அனுப்பினார். யார் குற்றம் என்று எழுதித் தர வேண்டியது டிசைனர். படிவத்தில் இரண்டு கட்டம்தான்: டிசைன் குறை, கை குறை. மேஜைக்குக் கட்டமே கிடையாது. மேஜை கோணல் என்று எனக்குத் தெரியும். நானே இரண்டு தடவை சேட்டிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் டிசைன் என்ற கட்டத்தில் குறி போட்டால் போவது என் வேலை. கை என்ற கட்டத்தில் போட்டேன். கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சால்வை வேணாம். தகட்டுலயும் என் பேர் வேணாம்," என்றார் நாம்தேவ். "மைக்குல ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மேஜை கோணல், கை சரியாத்தான் இருந்துச்சு. அவ்வளவுதான். நான் வரமாட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அவர்கள் மேல்தான் கோபம். மரியாதை செய்யப் போனவளை வாசலில் உட்காரவைத்துக் குற்றவாளியாக்கி அனுப்பிவிட்டார்கள் என்று பொருமினேன். ஊரில் எந்தச் சிற்பி தொழிலாளியைத் தேடிக்கொண்டு லிம்பாயத்துக்குப் போகிறாள்? அவர் கேட்டதைச் சொன்னால் என்ன மிஞ்சும்? தவறின் அழகு என்பதில்தான் என் ஒன்பது வருடமும் நிற்கிறது. சிற்பத்தின் பெயரே "பிழை". பாவின்பாய் இன்னும் இரண்டு மார்க்கெட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். என்னிடம் வேலை செய்யும் ஏழு பெண்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமையலறையில் தொங்கிய துணியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது. பார்வை படாமல் இருக்கத் தோசைக்கல்லை அதன் முன்னால் மாட்டிவைத்தேன். அப்படி மாட்டும்போதுதான் நான் எவ்வளவு கேவலமாக நடந்துகொள்கிறேன் என்று உறைத்தது.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. சாமந்திச் சரம், வாடகை சோபா, பெரிய மனிதர்கள். பின்வரிசையில் மூட்டை தூக்குகிறவர்களும் பழைய மில் ஆட்களும் நின்றிருந்தார்கள். பாவின்பாய் தன் அம்மாவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரை விழுந்தது. எல்லாரும் ஆஹா என்றார்கள். மைக் என் கைக்கு வந்தது.

"இதுக்கு நான் பிழைன்னு பேர் வெச்சேன்," என்றேன். "அது பிழை இல்லை. இதே சூரத்துல ஒரு மில்லுல மூணாம் நம்பர் மேஜை கோணலா இருந்துச்சு. நாம்தேவ் சோனவணேயோட கை சரியாத்தான் இருந்துச்சு."

கைதட்டல். பலமான கைதட்டல். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணை மூடித் தலையாட்டினாள். பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டே, "அருமை மேடம், அப்ப கோணல் மேஜைதான் உங்க ஊக்கமா?" என்று கேட்டார். பாவின்பாய் என் பக்கம் சாய்ந்து, "சூப்பர் டயலாக் பென்," என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனிதன் பதினாலு வருடம் காத்திருந்த வார்த்தை. அதை எடுத்து இவர்கள் பீடா மாதிரி மென்றுகொண்டிருந்தார்கள்.

"கை தட்டாதீங்க!" என்று கத்தினேன். மைக் வீல் என்றது. "நான் கவிதை சொல்லல. நானூறு சேலை திரும்பி வந்துச்சு. மேஜை கோணல்னு எனக்குத் தெரியும். ரசிக்லால் சேட்டுக்கும் தெரியும். என் வேலையைக் காப்பாத்திக்க நான் அந்த ஆளோட கை மேல பழியைப் போட்டுப் பொய்க் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம் அவர் கண்டுபிடிச்சதையே எடுத்து, ஒன்பது வருஷமா என்னுதுன்னு..."

மைக் செத்துவிட்டது. பாவின்பாய் கையைக் காட்டியதை நான் பார்த்தேன். எனக்குத் தொண்டை இருக்கிறது. மிச்சத்தைத் தொண்டையிலேயே சொன்னேன்.

இந்த முறை யாரும் தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் மட்டும் கேட்டது. "ஒன்பதாவது கஜம்!" இன்னொருவர், "நாங்க எல்லாருந்தான் சொன்னோம்! தண்ணி சொட்டுதுன்னு சொன்னோமே!" என்றார். அந்தப் பக்கம் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாரோ அவசரமாகப் பாட்டுப் போட்டார்கள்.

"எங்க அப்பா பேரை நாறடிச்சிட்டீங்க," என்றார் பாவின்பாய், பல்லைக் கடித்தபடி. "அடுத்த மார்க்கெட், அதுக்கடுத்த மார்க்கெட், எல்லாத்தையும் மறந்துடுங்க."

"மறந்துட்டேன். உங்க அப்பா பேரோட என் பேரும் சேர்ந்துதான் நாறுது. அதை யாரும் கண்டுக்கல பாருங்க."

கூட்டம் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் போயிற்று. நான் மேடையிலிருந்து இறங்கிச் சிற்பத்தின் பின்பக்கம் போனேன். அங்கே நாம்தேவ் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் உடுப்பு, கையில் டிபன் டப்பா. வரமாட்டேன் என்றவர்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். நல்லாச் சத்தமாச் சொன்னீங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை டைல்ஸ் மேல் வைத்து மெதுவாக மேலே நகர்த்தினார். ஒரு பூ, அடுத்த பூ, இலை, காம்பு. அவர் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னிப்பைக் கூட எதிர்பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போதும் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"என்ன பென் இது," என்றார். "எல்லாத்தையும் ஒரே பக்கம் தள்ளிவெச்சிருக்கீங்க."

"உங்க துணியைப் பாத்துத்தான்..."

"என் துணியில அப்படி இருக்காது. சிவப்பை இடது பக்கம் தள்ளுவேன். மஞ்சளைக் கொஞ்சம் மேல. பச்சையைத் தொடவே மாட்டேன். பச்சை கோட்டுக்குள்ளயே நிக்கிற மாதிரி பாத்துக்குவேன். இலை நின்னாத்தானே பூ ஆடற மாதிரி இருக்கும்? நீங்க இலையையும் சேத்து இழுத்துட்டீங்க. எல்லாமே நகர்ந்தா எதுவுமே நகராது."

இருபத்திரண்டு அடியையும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தத் துணி பதினாலு வருடமாக என் அடுப்புக்கு நேரே தொங்குகிறது. தினம் மூன்று வேளை பார்த்திருக்கிறேன். இலை நிற்கிறது என்று ஒரு நாளும் எனக்குப் படவில்லை. வழுக்கிய கை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டவள் எதற்காக உற்றுப் பார்க்கப்போகிறேன்? பூங்கா, பள்ளிக்கூடம், வதோதரா, எல்லா இடத்திலும் இலையையும் சேர்த்துத்தான் இழுத்திருக்கிறேன். என் மேலேயே காறித் துப்பலாம் போல ஆத்திரம் வந்தது.

"எங்கெங்க மாத்தணும்னு காட்டுங்க நாம்தேவ்பாய்," என்றேன். "கொத்தி எடுத்துடறேன். நாளைக்கே ஆரம்பிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு சொன்னாப் போதும்."

அவர் குனிந்து டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

"அதையும் நான்தான் சொல்லணுமா பென்?" என்று கேட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.